காரணத்தை எங்கே எழுதி வைப்பது: கமெண்ட்டா, கமிட் செய்தியா, தனி ஆவணமா, டெஸ்ட்டா?

ஒரு திறமூல லைப்ரரியை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல் தொகுப்பை) பராமரிப்பவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குபவை. நினைவகம் கூடுதலாகப் போகட்டும், வேகம் வேண்டும். கொஞ்சம் மெதுவானாலும் சரி, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் முட்டிக்கொள்ளக் கூடாது. வாங்கியது என்ன என்பது நிரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொடுத்தது என்ன, எதற்காகக் கொடுத்தோம் என்பதை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குழுவுக்கு இது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். திறமூல லைப்ரரியில் நிலைமை வேறு. ஒரே ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பிவிட்டு மறுபடி எட்டிப் பார்க்காதவர்கள், லினக்ஸ் விநியோகங்களுக்காக அதைப் பொதி செய்பவர்கள், தங்கள் ப்ராஜெக்டுக்குள் நகலெடுத்து வைத்துக்கொண்டு திருத்துபவர்கள் என்று, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பலர் அதில் கைவைக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் போய்ச் சேர நான்கு வழிகள் உண்டு: நிரலுக்குள் எழுதும் குறிப்பான கமெண்ட், ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றில் பதியும்போது எழுதும் கமிட் செய்தி, தனி வடிவமைப்பு ஆவணம், நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியை மாற்ற வருபவர் தேடாமலே கண்ணில் பட வேண்டியது எதுவோ, அது கமெண்ட்டில்தான் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் அதற்குத் துணை.

டெபியனில் நீக்கப்பட்ட இரண்டு வரிகள்

இப்படிச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் நடந்தது. குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ரேண்டம் எண்களை உருவாக்கும் ஒரு கோப்பு உண்டு. ஒரு பஃபரில் (தற்காலிக நினைவகப் பகுதியில்) இருப்பதை எடுத்து, எந்தத் தரவையும் குலைத்து ஓர் எண்ணாக்கும் ஹாஷ் கணக்குக்குள் கலக்கும் ஒரே மாதிரியான வரி அதில் இரண்டு இடங்களில் வந்தது. வால்கிரிண்ட் போன்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டினால், மதிப்பு எதுவும் வைக்கப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. டெபியனுக்காக அதைப் பராமரித்தவர், இரண்டையும் எடுத்துவிடலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் குழுவில் கேட்டார். யாரும் தடுக்கவில்லை. எடுத்துவிட்டார்.

இரண்டில் ஒன்று போனதால் பாதகமில்லை. அது ரேண்டம் எண்ணை வெளியே கொடுக்கும் ஃபங்ஷனில் இருந்தது. கேட்டவரின் பஃபரில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதையும் உபரியாகக் கலந்துகொண்டது, அவ்வளவுதான். மற்றொன்று ரேண்டம் தன்மையை உள்ளே சேர்க்கும் ஃபங்ஷனில் இருந்தது. இயங்குதளத்திடமிருந்து திரட்டியதெல்லாம் அந்த வரி வழியாகத்தான் உள்ளே போனது. அது போனதும், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் ப்ராசஸ் எண் மட்டும். லினக்ஸில் வழக்கமாக அது 32,768-ஐத் தாண்டாது. ஆக, ஒரு குறிப்பிட்ட வகையிலும் அளவிலும் உருவாகக்கூடிய எஸ்எஸ்ஹெச் சாவிகள் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுபவை) சுமார் 32 ஆயிரம் என்றாகிவிட்டது. அத்தனையையும் ஒருவர் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். 2008 மே மாதம் விஷயம் வெளியே வரும்வரை டெபியனிலும், அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் இந்தப் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

அந்தக் கோப்பில் கமெண்ட்டே இல்லை என்று சொல்ல முடியாது. பாதகமில்லாத வரிக்குப் பக்கத்தில் 'பியூரிஃபை குறை சொல்கிறது' என்ற பொருளில் இரண்டே சொற்கள் இருந்தன. பியூரிஃபை என்பது இன்னொரு நினைவகச் சோதனைக் கருவி. அதில் ஓட்டும்போது அந்த வரியை விலக்கிவைக்கும் ஏற்பாடும் கூடவே இருந்தது. உயிர்நாடியான வரிக்குப் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லை. இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? ஓரிடத்தில் விலக்கலாம் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதே வரி இன்னோரிடத்திலும் இருக்கிறது, அங்கேயும் விலக்கலாம். 'சேர வேண்டிய ரேண்டம் தன்மை முழுக்க இந்த வரி வழியாகத்தான் போகிறது, கருவி எச்சரித்தாலும் நீக்க வேண்டாம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கை அங்கேயே நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

டெஸ்ட் காப்பாற்றியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியே வந்த எண்கள் ஹாஷ் கணக்கு வழியாக வந்தவை. தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல ரேண்டம் எண்களாகவே தெரியும். வழக்கமான புள்ளியியல் சோதனைகள் அவற்றைத் தாராளமாக விட்டுவிடும். கமிட் செய்தியில் காரணம் இருந்திருந்தாலும், அதைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணம் வராது என்பதுதான் மற்ற எல்லா வழிகளுக்கும் பொதுவான சிக்கல். தனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் தேடுவார். வரியைப் பார்த்ததும் 'இது வீண் வேலை' என்று முடிவுகட்டிவிட்டவருக்குக் கேள்வியே இல்லை.

கமெண்ட் எவ்வளவு தாங்கும்

நிறையவே தாங்கும். ஜாவாவின் ஹாஷ்மேப் நிரலைத் திறந்து பாருங்கள்: சாவியின் ஹாஷ் மதிப்பை வைத்து உருப்படிகளைப் பக்கெட்டுகளாகப் பிரித்து வைக்கும் அட்டவணை அது. 2014-இல் வந்த ஜாவா 8 முதல், ஒரே பக்கெட்டில் எட்டு உருப்படிகளுக்கு மேல் சேர்ந்தால் அந்தச் சங்கிலியை அது மரமாக மாற்றிக்கொள்கிறது (மொத்த அட்டவணை ரொம்பச் சிறியதாக இருந்தால் மட்டும், மாற்றாமல் அட்டவணையைப் பெரிதாக்கும்). ஏன் எட்டு? நான்கு என்று வைத்தால் தேடல் இன்னும் வேகமாகாதா? பதில் அதே கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது. மரத்தின் கணு சாதாரணக் கணுவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், எனவே உண்மையிலேயே தேவைப்படும்போது மட்டும் மரம். ஹாஷ் மதிப்புகள் நன்றாகப் பரவியிருந்தால், ஒரு பக்கெட்டில் எத்தனை விழும் என்பது ஏறத்தாழ 0.5 சராசரி கொண்ட பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் கணக்கைப் பின்பற்றும். அதற்கான அட்டவணையையும் கமெண்ட்டிலேயே போட்டிருக்கிறார்கள்: காலியாக இருக்க வாய்ப்பு 0.60653066, ஒன்று இருக்க 0.30326533, அப்படியே இறங்கிப் போய் எட்டு இருக்க 0.00000006.

எட்டை நான்காக்கலாம் என்று வருபவர் இப்போது வாதாட வேண்டியது அந்தக் கணக்கோடு. கணக்கு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதும் எழுதப்பட்டிருப்பதால், அனுமானம் மாறினால் எண்ணையும் மாற்றலாம் என்ற அனுமதியும் அதிலேயே கிடைக்கிறது. நல்ல கமெண்ட் காவலாகவும் இருக்கும், கதவாகவும் இருக்கும்.

சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பைத்தானின் டிக்ஷனரி நிரலும் இதே ரகம். அங்கே சிறிய முழு எண்களின் ஹாஷ் மதிப்பு பெரும்பாலும் அந்த எண்ணேதான். பாடப்புத்தகக் கண்ணோட்டத்தில் மோசமான ஹாஷ். தெரிந்தேதான் அப்படி வைத்தோம், 0, 1, 2 என்று அடுத்தடுத்து வரும் சாவிகள் ஒன்றோடொன்று மோதவே மோதாது, அதற்குப் பதிலாக மோதல் வரும்போது அடுத்த இடத்தைத் தேடும் முறை வலுவாக இருக்க வேண்டும் என்று நீளமான கமெண்ட் விளக்குகிறது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, முன்பு பயன்படுத்திய பல்லுறுப்புக்கோவை முறையையும் குறிப்பிட்டு, அதுவும் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் செலவு அதிகம் என்று சொல்லியிருப்பது. கைவிட்ட வழியைச் சொன்னால், அடுத்து வருபவர் அதே வழியில் போய்த் திரும்பி வரும் வேலை மிச்சம்.

சின்ன லைப்ரரிகளுக்கும் இது பொருந்தும். நிகழ்வு ஒன்று நடந்ததும் பதிவு செய்துகொண்ட ஃபங்ஷன்களை வரிசையாக அழைக்கும் ஒரு லைப்ரரி என்று வைத்துக்கொள்வோம். அழைப்பதற்கு முன் பட்டியலை நகலெடுக்கிறது. 'பட்டியலை நகலெடுக்கிறோம்' என்ற கமெண்ட்டால் ஒரு பயனும் இல்லை. அது நிரலிலேயே தெரிகிறது. எழுத வேண்டியது இப்படி:

'நகலெடுப்பது வேண்டுமென்றே. அழைக்கப்படும் ஃபங்ஷன் அப்போதே தன்னை நீக்கிக்கொள்ளலாம். மூலப் பட்டியலிலேயே சுற்றினால் அதற்கு அடுத்தது விடுபட்டுப்போகும். பட்டியலை ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி பூட்டுப் போடுவதையும் யோசித்தோம்: உள்ளிருந்தே யாராவது புதிதாகப் பதிவு செய்தால் பூட்டு தன்னிலேயே சிக்கிக்கொள்ளும். பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும் என்பதை நம்பி எடுத்த முடிவு. ஆயிரக்கணக்கில் போனால் மறுபடி யோசிக்கவும்.'

காரணம், கைவிட்ட வழி, எது மாறினால் முடிவும் மாறலாம் என்ற நிபந்தனை. இந்த மூன்றில் அதிகம் விடுபடுவது கடைசியில் உள்ளதுதான். அது இல்லாத கமெண்ட் நாளடைவில் ஒரு தடையாக மாறிவிடும். ஏன் என்று தெரியாமல் எல்லோரும் அதைத் தொட அஞ்சுவார்கள்.

கமெண்ட் பொய்யாகிப் போனால்?

கமெண்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியமான வாதம் இது, நியாயமானதும்கூட. நிரல் மாறும், பக்கத்தில் இருக்கும் கமெண்ட்டை மாற்ற மறந்துவிடுவார்கள், கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. 'மூன்று முறை முயற்சி செய்' என்று மேலே எழுதியிருக்கும், கீழே நிரலில் ஐந்து இருக்கும். நிரல் என்ன செய்கிறது என்பதைத் திருப்பிச் சொல்லும் கமெண்ட்டுகள்தான் இப்படிச் சீக்கிரம் கெட்டுப்போகின்றன. காரணம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கமெண்ட்டும் நிரலும் ஒத்துப்போகாதபோது, தவறு எப்போதும் கமெண்ட்டின் மேல் இருக்கும் என்பதில்லை. டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை 2002-இல் பைத்தானுக்காக எழுதப்பட்டு, பிறகு ஜாவாவுக்கும் போனது. ஏற்கெனவே வரிசையில் இருக்கும் துண்டுகளை ஓர் அடுக்கில் வைத்துக்கொண்டு இணைத்துக்கொண்டே போகும் முறை அது. அடுத்தடுத்த துண்டுகளின் நீளங்களுக்குள் எப்போதும் இருக்க வேண்டிய உறவு ஜாவா நிரலின் கமெண்ட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 2015-இல் ஓர் ஆய்வுக் குழு, கீ என்ற சரிபார்ப்புக் கருவியை வைத்து அந்த உறவு உண்மையிலேயே காக்கப்படுகிறதா என்று நிரூபிக்கப் பார்த்தது. காக்கப்படவில்லை. அடுக்கின் மேல்பக்கத்தை மட்டும் சரிபார்த்ததால், சில உள்ளீடுகளுக்குக் கீழே உறவு முறிந்துபோனது. ஜாவாவில் அதற்கென்று ஒதுக்கிய இடம் போதாமல் நிரல் உடைந்துவிழவும் முடிந்தது. பைத்தானில் சரிபார்ப்பை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோய்த் திருத்தினார்கள். ஜாவாவில் முதலில் அடுக்கின் அளவைக் கூட்டினார்கள்.

நிரல் தவறு, கமெண்ட் சரி. என்ன நடக்க வேண்டும் என்பதை ஒருவர் எழுதி வைத்ததால்தான், நடப்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

கமிட் செய்தி

கமிட் செய்தி பொய்யாகாது. அது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைப் பற்றிச் சொன்னது. எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். அளந்து பார்த்த வேகம், பக் எப்படி வெளிப்பட்டது, யாருடைய பேட்ச்சில் தொடங்கியது என்ற கதைக்கெல்லாம் அதுதான் இடம். லினக்ஸ் கெர்னலும், மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கருவியான கிட்டின் ப்ராஜெக்டும், சிக்கல் என்ன, ஏன் இந்தத் தீர்வு என்று கமிட் செய்தியிலேயே எழுதச் சொல்கின்றன. அந்த வரலாறுகளைப் படிப்பதே ஒரு படிப்பு.

ஆனால் லைப்ரரி என்று வரும்போது இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயன்படுத்துபவரிடம் கிட் வரலாறு இருப்பதில்லை. பேக்கேஜ் மேனேஜர் வழியாக நிறுவியவரின் கணினியில் இருப்பது கோப்புகள் மட்டும். நள்ளிரவில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு உங்கள் லைப்ரரிக்குள் டீபக்கரோடு (பிழை தேடும் கருவியோடு) வந்து நிற்பவர் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். மூல நிரலாகவே வழங்கப்படும் மொழிகளில் கமெண்ட் அவரோடு கூடவே போகும், கமிட் செய்தி போகாது.

வரலாறு கையில் இருந்தாலும் வழி எளிதில்லை. யாரோ ஒருவர் கோப்பு முழுவதையும் ஃபார்மேட்டர் வைத்துச் சீர்செய்தால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் 'கிட் பிளேம்' எல்லா வரிகளுக்கும் அவர் பெயரைக் காட்டும். இப்படிப்பட்ட கமிட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வசதி 2019-இல் கிட் 2.23-இல் வந்தது, ஆனால் பட்டியலை நாம்தான் பராமரிக்க வேண்டும். பல கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி இணைக்கும் ப்ராஜெக்டுகளில், கவனமாக எழுதிய செய்திகளும் அதோடு நசுங்கிப்போவது உண்டு.

புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் பக்கம்) இஷ்யூவிலும் (பிழைப் பதிவு) நடக்கும் விவாதம் இதைவிடப் பலவீனமானது, ஏனென்றால் அது நிரலும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்திலேயே இல்லை. திறமூல ப்ராஜெக்டுகளுக்கு இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பைத்தானின் பிழைப் பதிவுகள் 2022-இல் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தபோது அவற்றின் எண்களே மாறின. 'பார்க்க: இஷ்யூ 1234' என்று மட்டும் கமெண்ட் எழுதினால், சில வருடங்களில் அந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது. எண்ணைப் போடலாம். ஆனால் சாரத்தை ஒரு வரியில் அங்கேயே எழுதிவிட்டுப் போட வேண்டும்.

தனி ஆவணம்

ஒரு முடிவு பத்துக் கோப்புகளில் பரவிக் கிடந்தால் எந்த ஒரு வரியின் பக்கத்திலும் அதைச் சொல்ல முடியாது. இந்த லைப்ரரி ஏன் தனக்கென்று த்ரெட் உருவாக்குவதில்லை, பிழைகளை ஏன் எக்செப்ஷனாக எறியாமல் மதிப்பாகத் திருப்பித் தருகிறது என்பவை அந்த ரகம். மாற்றங்களை முன்மொழிந்து விவாதிக்க, பைத்தானில் 2000 முதல் இருக்கும் பெப் ஆவணங்களும், ரஸ்ட் மொழியில் 2014-இல் தொடங்கிய ஆர்எஃப்சி ஆவணங்களும் இதற்கு நல்ல முன்மாதிரிகள். நிராகரித்த யோசனைகளுக்கும் பாதகங்களுக்கும் அவற்றில் தனி இடம் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெப் என்பது முடிவெடுத்த நேரத்தின் பதிவு. அது நிரலாக மாறிய பிறகு, இன்றைய நிலவரத்துக்கு மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய பெப்பைப் படித்துவிட்டு இன்றைய பைத்தான் இப்படித்தான் என்று வாதிடுபவர் ஏமாந்துபோவார்.

ஒன்றிரண்டு பேர் நடத்தும் லைப்ரரிக்கு ஆர்எஃப்சி நடைமுறையெல்லாம் தேவையில்லை. டிம்சார்ட்டுக்குப் பைத்தானில் செய்ததைப் பின்பற்றினாலே போதும்: வரிசைப்படுத்தும் நிரல் இருக்கும் அதே கோப்புறையில், எளிய உரைக்கோப்பு ஒன்றில், முறை என்ன, ஏன், எவ்வளவு மிச்சம் என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். பைத்தான் 3.11-இல் துண்டுகளை இணைக்கும் உத்தியைப் பவர்சார்ட்டுக்கு மாற்றியபோது அந்தக் கோப்பும் அதோடு மாறியது. நிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆவணம், நிரலை மாற்றும் அதே பேட்ச்சில் மாறும். விக்கியில் வைத்தால் அது நடக்காது.

டெஸ்ட்டும், பயனருக்கான ஆவணமும்

நான்கில் குரல் எழுப்பக்கூடியது டெஸ்ட் ஒன்றுதான். மேலே சொன்ன நகலெடுப்பை யாராவது நீக்கினால் டெஸ்ட் உடனே சிவப்பாகிவிடும். சரிபார்க்க முடிந்த காரணத்துக்கு டெஸ்ட் எழுதாமல் கமெண்ட்டோடு நிறுத்துவது சோம்பல். ஆனால் டெஸ்ட்டுக்கு என்ன என்று சொல்லத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. ஏன் என்று தெரியாத டெஸ்ட்டை, காலாவதியானது என்று நினைத்து மாற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நினைவகம், வேகம், படிக்க எளிமை போன்ற விட்டுக்கொடுப்புகளை டெஸ்ட்டாக எழுதுவதும் கடினம்.

ரஸ்ட் உலகத்தில் இரண்டையும் ஓரளவு இணைத்திருக்கிறார்கள். கம்பைலரால் பாதுகாப்பை உறுதி செய்ய முடியாத 'அன்சேஃப்' பகுதி எழுதினால், அது ஏன் பாதுகாப்பானது என்று மேலே 'சேஃப்டி' என்று தொடங்கும் கமெண்ட் எழுதுவது வழக்கம். அது இல்லாவிட்டால் எச்சரிக்கும்படி கிளிப்பி கருவியை அமைக்கலாம். கமெண்ட் சரியா என்று கருவிக்குத் தெரியாது. யோசிக்காமல் விட்டுவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

பயனருக்கான ஆவணம் ஐந்தாவது இடம் என்று தோன்றலாம். அதை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அங்கே எழுதுவது வாக்குறுதி ஆகிவிடும். 2016-இல் வந்த பைத்தான் 3.6-இல் டிக்ஷனரி, உருப்படிகளைச் சேர்த்த வரிசையைக் காத்தது. ஆனால் அது உள் அமைப்பின் விளைவு, நம்பாதீர்கள் என்றார்கள். 3.7-இல் அதையே மொழியின் உத்தரவாதமாக்கினார்கள். நடத்தை அதேதான், ஆனால் அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. கோ மொழி எதிர்ப்பக்கம் போனது: டிக்ஷனரி போன்ற தன் மேப்பைச் சுற்றும் வரிசையை வேண்டுமென்றே குலைத்து, யாரும் அதை நம்பாதபடி செய்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ள விரும்பும் முடிவின் காரணத்தைக் கமெண்ட்டில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நகலெடுக்கும் அந்த லைப்ரரிக்கே திரும்பினால், ஒரே முடிவு இப்படிப் பிரிந்து போகும். வரிக்கு மேலே அந்தக் கமெண்ட். தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும் ஃபங்ஷனை வைத்து ஒரு டெஸ்ட். எந்தப் பிழையில் இது வெளிப்பட்டது, நகலெடுப்பதால் எவ்வளவு நேரம் கூடியது என்பது கமிட் செய்தியில். அழைப்பு நடக்கும்போது புதிதாகப் பதிவானவை இந்தச் சுற்றில் அழைக்கப்படாது என்ற ஒரு வரி பயனர் ஆவணத்தில், அதுவும் அந்த வாக்கைக் காப்பாற்றத் தயார் என்றால் மட்டும். தனி வடிவமைப்பு ஆவணம் இதற்கு வேண்டாம்.

எது கமெண்ட்டாக வேண்டும் என்று கண்டுபிடிக்க ரிவியூவைவிட நல்ல இடம் இல்லை. பேட்ச்சைப் பார்ப்பவர் 'இங்கே ஏன் இப்படி?' என்று கேட்டு, எழுதியவர் அதற்குக் கீழே நான்கு வரியில் பதில் சொன்னால், அந்த நான்கு வரியும் நிரலுக்குள் போக வேண்டியவை. இன்றைக்கு ரிவியூ செய்பவருக்கு எழுந்த கேள்விதான் நாளை புதிதாக வருபவருக்கும் எழும். பதிலை நிரலில் சேர்த்துவிட்டுப் புதுப் பேட்ச் அனுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மெர்ஜ் செய்யுங்கள்.